தேங்காய்ப்பாலில் வெந்த இட்லி

இந்தக் கட்டுரைக்கு எனக்குக் காசு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். ஈப்போவில் இணையத்தளங்கள் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் தமிழ்ப் பகுதிக்கு நான்தான் பொறுப்பாளராக இருந்தேன். வெளியில் இருக்கும் எழுத்தாளர்களிடம் கட்டுரை கேட்டு வாங்குவது, அது அவர்களுடைய சொந்தச் சரக்குதானா என்று பார்ப்பது, பணம் போடச் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. இப்போது என் நாற்காலியில் பவித்ரா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, புதுசா ஒரு சாப்ட்வேர் குடுத்திருக்காங்க. மனுசன் எழுதுனதா, மெஷின் எழுதுனதான்னு அது சொல்லுமாம். பாதிக் கட்டுரைய மெஷின்னு சொல்லுது. எழுதுனவங்க போன் போட்டு அழுவுறாங்க லா. நீங்க இருந்தப்ப எப்படிண்ணே பாத்தீங்க?”

“நானா? ரொம்பக் கவனமா பாத்தேன்” என்றேன்.

“அத அப்படியே எழுதிக் குடுங்கண்ணே. நம்ம தளத்துலயே போடலாம். காசு உண்டு.”

அடுத்தவர்கள் எழுதியதற்குப் பணம் போடச் சொல்லியே காலம் தள்ளியவன் நான். நானே எழுதிக் காசு வாங்கப் போவது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, கவனமாகப் பார்த்த கதை என்று என்னிடம் ஒன்றுமே இல்லை. சொதப்பிய கதைதான் இருக்கிறது. காசு வாங்குவதாகச் சொல்லியாயிற்று, ஆகவே அதையே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலம் ஒரு பத்திக்கு மேல் தாங்காது. புந்தோங்கில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமக்கிரியை அழைப்பு எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பேரையுமே மணமகள் ஆக்கி அனுப்பிவைத்தேன். மாப்பிள்ளை நல்லவர், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய அப்பா சிரிக்கவில்லை. அச்சகம் மூடியபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அப்போதுதான் இந்தக் கம்பெனியில் தமிழுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ்.

முதலாளி மிஸ் லியோங். குள்ளமான சீனப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என்னிடம் மலாயில்தான் பேசுவார். தப்புக் கண்டுபிடிப்பாயா என்று கேட்டார். கண்டுபிடிப்பேன் என்றேன். இரண்டு மணமகள் விஷயத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மிஸ் லியோங் யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் காகிதத்தை மேசைமேல் வைத்து, ஒரே விரலால் மெதுவாக நம் பக்கம் தள்ளுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் கட்டுரையையும் திரையில் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் திரையை டிஷ்யூ காகிதத்தால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்குப் போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆய்த எழுத்து. அது எழுத்துத்தான் என்று நான் விளக்கிய பிறகும், மூன்று புள்ளிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமா என்று கேட்டார்.

வேடிக்கையாகத் தெரிந்த அந்தக் கேள்விதான் பிறகு எங்களைப் பிடித்து ஆட்டியது. கம்பெனியில் சொல்லுக்கு இவ்வளவு என்று பணம். மலாய், ஆங்கிலக் கட்டுரைகளுக்கு அது சரி. தமிழ் சேர்ந்து நடக்கிற மொழி. ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று எழுதினால் கம்ப்யூட்டருக்கு அது ஒரே சொல். எங்கள் எழுத்தாளர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. கோப்பெங்கிலிருந்து எழுதிய ஆறுமுகம் வாத்தியார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ‘வந்து கொண்டு இருக்கிறார்’ என்று பிரித்தார். போகட்டும் என்று விட்டேன். அடுத்த கட்டுரையில் ‘பல் வலி ஏற் பட்டு விட்ட தால்’ என்று வந்தது. போன் செய்தேன்.

“வாத்தியாரே, ‘ஏற்’ ஒரு சொல்லா?”

“பகுபத உறுப்பிலக்கணம் தம்பி. பகுதி, சந்தி, விகுதின்னு பிரிச்சாத்தான் படிக்கிறவங்களுக்குப் புரியும்.”

“இது பல் டாக்டரோட தளம் வாத்தியாரே.”

“டாக்டரும் படிக்கட்டுமே லா. இலக்கணம் படிச்சா பல்லா கொட்டிடும்?”

பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் மிஸ் லியோங்கிடம் போய், இனி எழுத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கலாம் என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. கம்ப்யூட்டர் மெய்யெழுத்தின் புள்ளியையும் தனியாக எண்ணும் என்பது எனக்குத் தெரியாது. வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. ‘இருக்கிறது’ எல்லாம் ‘இருக்கின்றது’ ஆயிற்று. ‘பல் கூசும்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பற்கூச்சம் ஏற்பட்டுக்கொண்டிருக்கின்றது’ என்று வந்தது. அந்த மாதக் கணக்கை மிஸ் லியோங் ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். கட்டுரைக்கு இவ்வளவு, சொல்லும் வேண்டாம் எழுத்தும் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அது என்னுடைய யோசனை என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி மண்டோர். ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிறவரை மண்டோர் என்போம். எழுத்தாளர்களை மேய்க்கக் கம்பெனி ஒரு சாப்ட்வேர் வாங்கியது. கட்டுரையை உள்ளே போட்டால், வேறு தளங்களில் ஏற்கெனவே இருக்கும் வரிகளை அது சிவப்பாக்கிக் காட்டும். அதற்கு யார் மண்டோர் என்று பெயர் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லாருக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கொஞ்சம் சிவந்தால் திருத்தி எழுத வேண்டும். பாதிக்கு மேல் சிவந்தால் பணம் இல்லை, இனிமேல் வேலையும் இல்லை. அதோடு, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று, எழுத்தாளர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு அறிவிக்க வேண்டும். இது மிஸ் லியோங்கின் உத்தரவு. அறிவிப்புக்குத் தமிழ் கொடுத்தது அடியேன்.

தொடக்கத்தில் கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் மண்டோரிடம் கொடுப்பேன். பிறகு மண்டோரிடம் கொடுத்துவிட்டுப் படித்தேன். பிறகு மண்டோரிடம் கொடுத்தேன். படிப்பது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. சம்பளம் மட்டும் நிற்காமல் வந்தது.

எங்கள் எழுத்தாளர்களில் ஜோசப்பின் மேரி என்று ஒருவர். பீடோரில் பள்ளிக்கூடக் கேன்டீனில் காலையில் சமையல் வேலை, மத்தியானம் கைப்பேசியில் கட்டுரை. தோட்டத்துப் பிள்ளை, கத்தோலிக்கர். நான் மேரியம்மா என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருடைய எழுத்து எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். ‘மாத்திரையை மறந்துவிட்டு டாக்டரைத் திட்டாதீர்கள்’ என்று ஒரு கிளினிக் தளத்துக்கு எழுதியிருந்தார். டாக்டர் அந்த வரியை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைத்தார். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் கடைசி வரி வரை படித்தது அவருடைய கட்டுரைகளைத்தான்.

அதே கிளினிக்குக்கு மேரியம்மா இன்னொரு கட்டுரை அனுப்பினார். இனிப்புநீர் உள்ளவர்கள் காலையில் என்ன பசியாறலாம் என்பது விஷயம். மண்டோரில் போட்டேன். திரை முழுவதும் சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் கறுப்பாக இருந்தன. தமிழ்நாட்டுத் தளம் ஒன்றில் அதே கட்டுரை முன்னாலேயே வந்திருப்பதாக மண்டோர் சொன்னது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழுவில் போட வேண்டிய அறிவிப்பை எழுதும்போது வருத்தம் குறைந்து தமிழ் கூடிவிட்டது. ‘திருமதி ஜோசப்பின் மேரி சமர்ப்பித்த படைப்பு களவாடப்பட்டதெனக் கண்டறியப்பட்டுள்ளது’ என்று போட்டேன். ‘களவாடப்பட்டது’ என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ‘காப்பி’ என்று எழுதாமல் நல்ல தமிழில் எழுதினோமே என்று ஒரு பெருமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேரியம்மா பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்துவிட்டார். கேன்டீன் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“காசு கேக்க வரல சார். அந்தக் குரூப்புல எங்க சர்ச்காரவங்க ரெண்டு பேரு இருக்காங்க. நீங்க போட்டத படம் புடிச்சு ஊருக்கே அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்குறது நான்தான். இப்ப பத்துக் கட்டளை போயிட்டிருக்கு. இந்த வாரம் ஏழாவது.”

எனக்குப் புரியவில்லை. ஏழாவது என்ன என்று கேட்டேன்.

“‘களவு செய்யாதிருப்பாயாக.’ அத நான்தான் நின்னு சொல்லணும். பெத்தவங்க பின்னால ஒக்காந்திருப்பாங்க. எந்த மொகத்த வச்சிக்கிட்டு சார் சொல்றது?”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீரை இன்னொரு முறை நகர்த்தி வைத்திருப்பேன்.

“அந்தக் கட்டுரை வேற தளத்துல இருக்குதும்மா” என்றேன்.

“இருக்கும் சார். போன மாசம் நெட்டுல ஒரு விளம்பரம் பாத்தேன். தமிழ்ல எழுத ஆள் வேணும், மொதல்ல சோதனைக்கு ஒண்ணு சும்மா எழுதி அனுப்புங்க, புடிச்சிருந்தா வேலைன்னாங்க. இதத்தான் அனுப்புனேன். தரம் பத்தலன்னு சொல்லிட்டாங்க. என்னோடதுதானேன்னு ஒங்களுக்குக் குடுத்தேன். அவங்க அத எடுத்துப் போடுவாங்கன்னு எனக்கு என்னா தெரியும்?”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க.”

“நீங்க படிச்சீங்களா சார்?”

“மண்டோர் பாத்திருச்சு.”

“மண்டோர் பாக்கட்டும். நீங்க படிச்சீங்களா?”

உள்ளறையில் மிஸ் லியோங் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு வேறு வழியில்லை. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேரியம்மா பார்த்துக்கொண்டிருக்க, படிக்க ஆரம்பித்தேன்.

எங்களிடம் வந்ததில் ‘இனிப்புநீர்’ என்று இருந்தது. அங்கே ‘சர்க்கரை நோய்’. சரி, அவர்கள் ஊர்ப் பேச்சு, நியாயம்தான். அடுத்த பத்திக்குப் போனேன். அந்தத் தளத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘தேங்காய்ப்பாலில் வேகவைத்த இட்லியை நெத்திலிச் சம்பல், வறுத்த கடலை, அவித்த முட்டையோடு வாழையிலையில் பொட்டலமாகக் கட்டித் தினமும் சாப்பிடுவது நல்லதல்ல.’

இன்னொரு முறை படித்தேன். தமிழ்நாட்டில் எந்த ஊரில் இட்லியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து நெத்திலியோடு கட்டிக் கொடுக்கிறார்கள்? மேரியம்மாவின் பிரதியில் அந்த இடத்தில் ‘நாசி லெமாக்’ இருந்தது, தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் காலையில் சாப்பிடும் நம் ஊர்ச் சோறு. திருடியவன் நாசி லெமாக் என்ற பெயர் வரும் இடத்தில் எல்லாம் இட்லியைப் போட்டிருக்கிறான். சோற்றை மாற்றியவனுக்குச் சம்பலை மாற்றத் தோன்றவில்லை. தலைப்பில் ‘காலைப் பசியாறல்’ என்பதையும் அப்படியே விட்டிருந்தான். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்று சொல்வது நாம்தான். அங்கே டிபன் என்பார்கள். மண்டோர் சிவப்பாக்காமல் விட்ட கறுப்புச் சொற்களில்தான் விஷயம் முழுவதும் கிடந்திருக்கிறது. நான் சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு அறிவிப்புக்குத் தமிழ் தேடப் போயிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மிஸ் லியோங்கைக் கூப்பிட்டேன். தமிழ் தெரியாதவருக்கு இதை எப்படி நிரூபிப்பது என்று தயங்கிக்கொண்டே, நாசி லெமாக் என்று இருந்ததை இட்லி என்று மாற்றியிருக்கிறார்கள், தேங்காய்ப்பால் அப்படியே இருக்கிறது என்று மலாயில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இட்லி பாக்காய் சந்தான்?” என்றார். இட்லிக்குத் தேங்காய்ப்பாலா என்று கேட்கிறார். “கீலா!”

பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தமிழ் தெரிந்த எனக்குத்தான் மூன்று நாள் விளங்காமல் இருந்திருக்கிறது. மேரியம்மாவை உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நாமும் புதிதாக வருகிறவர்களிடம் சோதனைக் கட்டுரை சும்மாத்தானே வாங்குகிறோம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பாயார்” என்றார். இனிமேல் அதற்கும் பணம் கொடு என்று அர்த்தம். அப்படியே உள்ளே போகப் போனவர், குழுவில் மன்னிப்பைப் போட்டுவிடு என்றும் சொன்னார்.

அது பெரிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை. உடனே தட்டினேன். ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேர்ந்த தவறுக்கு நிர்வாகம் மனமார வருந்துகிறது.’ மேரியம்மாவிடம் காட்டினேன்.

“இது யாரு எழுதுனது சார்?”

“நான்தான்.”

“இல்ல சார். கொழாயில தண்ணி வராத அன்னிக்கு ஒட்டுவாங்களே, அந்த நோட்டீஸு.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தமிழில் குப்பை கொட்டியவனிடம் பேசுகிற பேச்சா என்று நினைத்தேன். என் சொந்த எழுத்துத்தான் என்று காட்டுவதற்காக அதை மண்டோரில் போட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் மிச்சமில்லாமல் சிவந்துவிட்டது. பின்னால் நின்ற மிஸ் லியோங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பைப் படிக்கத் தெரியும்.

“காப்பி” என்றார்.

மறுபடி உட்கார்ந்தேன். ‘வருந்தத்தக்க நிகழ்வு’ என்று ஆரம்பித்தேன், அழித்தேன். ‘இதன்வழி தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று கை தானாகப் போயிற்று, அதையும் அழித்தேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் என்னிடம் வாசகம் இருந்தது. ஒரு பெண்மணியைத் திருடி என்று ஊரறியச் சொல்லிவிட்டு, அது இல்லை என்று சொல்வதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. எத்தனையோ பேரிடம் ‘சொந்தமா எழுதுங்க, சொந்தமா எழுதுங்க’ என்று போனில் கத்தியிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேரியம்மா சோபாவில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே காத்திருந்தார். பீடோர் பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

கடைசியில் இப்படி எழுதினேன்: ‘மேரியம்மா திருடவில்லை. அந்தக் கட்டுரை அவருடையது. அவரிடமிருந்துதான் யாரோ திருடியிருக்கிறார்கள். நான் கட்டுரையைப் படிக்காமலேயே தவறாக அறிவித்துவிட்டேன்.’ கீழே நிர்வாகம் என்று போடாமல் என் பெயரைப் போட்டேன். மண்டோரிடம் கொடுக்கவில்லை, மேரியம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார்.

“‘தவறாக அறிவித்துவிட்டேன்’ வேணாம் சார். ‘பழி போட்டுவிட்டேன்’னு போடுங்க.”

பிழை திருத்தும் வேலையில் முடி நரைத்தவன் நான். என் பிரதியில் அதுவரை யாரும் கை வைத்ததில்லை. அவர் சொன்னபடியே மாற்றினேன். குழுவில் போட்டேன். ஆறுமுகம் வாத்தியார் உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மேரியம்மா தன் போனில் அது வந்துவிட்டதா என்று பார்த்தார், பையில் வைத்தார், வாரேன் சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஒங்க மோட்டார் சைக்கிள்ல நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிலைகொள்ளவில்லை. கோயிலுக்குப் போனேன், அங்கேயும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்திருக்கும், வகுப்பு ஆரம்பித்திருக்கும், பெற்றவர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனம் பீடோரிலேயே நின்றது. அவர் வாயைத் திறக்கும்போது யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது குரல் செய்தி வந்தது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லிட்டேன் சார். ஏழாவது. நல்லா சத்தமாவே சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல. நேரம் இருந்துச்சு, அடுத்த வாரத்துக்கு வச்சிருந்த எட்டாவதையும் சேத்துச் சொல்லிக் குடுத்துட்டேன். அது ஒங்களுக்காக சார்.”

கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. கிறிஸ்துவ முறைப்படி ஏதோ ஆசீர்வாதம்போல என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்பைப் பற்றிய கட்டளையாக இருக்கும் என்று மனைவியிடமும் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு, வேலியோரமாக நின்று மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சேவியரிடம், எட்டாவது கட்டளை என்ன என்று கேட்டேன்.

“‘பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.’ ஏண்ணே?”

“சும்மாத்தான்” என்று அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.